வளர்ப்புப் பாம்பைக் கையில் எடுப்பது: எப்போது, எத்தனை முறை, எவ்வளவு நேரம்

பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே எழும் கேள்வி, "தினமும் கையில் எடுக்கலாமா?" என்பதுதான். வேண்டாம். ஒழுங்காக இரை எடுக்கிற, வளர்ந்த பாம்பு என்றால் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 நிமிடம். குட்டிக்கும் அதே எண்ணிக்கைதான், ஆனால் தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். புதிதாக வந்தது, இரை விழுங்கியது, சட்டை உரிக்கப்போவது, உடம்புக்கு முடியாதது ஆகிய நான்கையும் கையில் எடுக்கவே கூடாது.

இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் தப்பு நடக்கும். "வாரம் இரண்டு முறை" என்பதற்காகத் திங்களும் செவ்வாயும் எடுத்துவிட்டு, செவ்வாய் இரவே எலி கொடுத்து, புதன் காலையில் நண்பருக்குக் காட்டுவதற்காக மறுபடியும் தூக்கினால், அன்று மாலை பாதி செரித்த எலி கூண்டுக்குள் கிடக்கும். எண்ணிக்கையை விட நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். அந்த நாளை உங்கள் ஓய்வு நேரம் முடிவு செய்ய முடியாது. பாம்பு கடைசியாக எப்போது சாப்பிட்டது, அடுத்த சட்டை எப்போது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டு இனங்களை மனத்தில் வைத்து. ஒன்று பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, தடித்த உடம்பு, மெதுவான நடை. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பெயரில் இருக்கும் 'பால்' அந்தப் பந்துதான். இன்னொன்று கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது, ஒல்லியானது, கையில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் விஷம் கிடையாது. வளர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய 1 முதல் 1.5 மீட்டர் நீளம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது இவற்றைத்தான்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலிலோ கிணற்றடியிலோ பிடிபடும் சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி எதையும் வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனம் என்பதால், அதை வைத்திருப்பவர் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கவே அனுமதி இல்லை. மலேசியாவில் பால் பைத்தானுக்கு வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பாம்புக்கு உங்கள் கை என்ன?

நாய் மனிதரோடு இருக்க விரும்பும். பூனை மடியைத் தேடி வரும். பாம்புக்கு அப்படி ஒரு தேவையே இல்லை. பால் பைத்தான் பகலெல்லாம் எலி வளையிலோ கறையான் புற்றுக்குள்ளோ அடைந்து கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வருகிற உயிர். அதன் அனுபவத்தில் மேலிருந்து திடீரென்று வந்து உடம்பைப் பற்றுகிற எதுவும் அதைத் தின்ன வந்ததுதான். நீங்கள் அன்போடுதான் கையை நீட்டுகிறீர்கள். ஆனால் மேலிருந்து இறங்கும் நிழல் ஒன்றுதான் அதற்குத் தெரிகிறது.

பழகப் பழக அந்தக் கை ஆபத்தில்லை என்று பாம்பு கற்றுக்கொள்ளும். நாம் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம். பழகிய பாம்பின் வாயை மருத்துவர் திறந்து பார்க்கலாம், எடை போடலாம், கூண்டைச் சுத்தம் செய்யும்போது எளிதாக எடுத்து வைக்கலாம். ஆகவே கையில் எடுப்பதே வேண்டாம் என்று விட்டுவிடுவதையும் நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் பாம்பு "தனிமையில் வாடுமே" என்று நினைத்துத் தினமும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் கையில் எடுக்காவிட்டாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை.

தினமும் எடுத்தும் நன்றாக இருக்கிற பாம்புகள் உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. பல ஆண்டு பழகிய, நிதானமான, வளர்ந்த பாம்புகள் அவை. பயத்தில் உறைந்துபோய் அசையாமல் கிடக்கும் பாம்பையும், நிம்மதியாக இருக்கும் பாம்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியும் வரை அந்தப் பழக்கம் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: கை வைக்காதீர்கள்

பெட்டியிலிருந்து கூண்டுக்குள் விட்ட பிறகு குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள் தொடவே வேண்டாம். தண்ணீர் மாற்றுவது, கழிவை அள்ளுவது மட்டும் செய்யுங்கள். வந்து 5 முதல் 7 நாளில் முதல் இரையைக் கொடுத்துப் பாருங்கள். நாள் கணக்கை விட நம்பகமான அளவுகோல் இதுதான்: தொடர்ந்து மூன்று முறை இரையை மறுக்காமல் எடுத்து, ஒன்றையும் கக்காமல் இருந்தால், அந்தப் பாம்பு இடத்துக்குப் பழகிவிட்டது. அதுவரை கையில் எடுக்காதீர்கள்.

மூன்று இரைக்குக் காத்திருந்தால் பால் பைத்தானுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். ஆகட்டும். நல்ல பராமரிப்பில் இந்தப் பாம்பு 20, 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 62 வயதாவது ஆகியிருக்கும் என்று கணிக்கப்பட்ட பால் பைத்தான் ஒன்று 2020 ஜூலையில் முட்டையிட்டது. இத்தனை ஆண்டு உங்களோடு இருக்கப்போகிற உயிருக்கு முதல் மாதத்தை விட்டுக்கொடுக்கலாம்.

இந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை கூண்டைச் சரிபார்ப்பது. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம், பாம்பின் உடம்பு நான்கு புறமும் உரசும் அளவுக்கு நெருக்கமாக. இவை சரியில்லாத கூண்டில் இருக்கும் பாம்பு ஏற்கெனவே பதற்றத்தில்தான் இருக்கும். அதன் மேல் உங்கள் கையும் சேர்ந்தால் இரை எடுப்பதை நிறுத்திவிடும். "எங்கள் பாம்பு கையை வெறுக்கிறது" என்று வருகிற புகார்களில் நாங்கள் முதலில் கேட்பது வெப்பமானியின் எண்ணைத்தான்.

இரைக்கும் கைக்கும் நடுவே இடைவெளி

இரை விழுங்கியதும் குறைந்தது 48 மணி நேரம் தொடக்கூடாது. பெரிய இரை என்றால் 72 மணி நேரம். வயிற்றில் புடைப்பு இன்னும் தெரிந்தால், மணிக்கணக்கு முடிந்திருந்தாலும் காத்திருங்கள்.

காரணம் எளிது. முழு எலியை வயிற்றில் வைத்துக்கொண்டு பாம்பால் ஓட முடியாது. ஆபத்து என்று தோன்றினால் சுமையைக் கக்கிவிட்டுத் தப்பப் பார்க்கும். அப்படிக் கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும்; உடம்பின் நீரும் உப்புகளும் வீணாகும். 10 கிராம்கூட இல்லாத கார்ன் ஸ்நேக் குட்டி இரண்டு மூன்று முறை அடுத்தடுத்துக் கக்கினால் பிழைப்பது கடினம். கூடவே, செரிமானம் முழுக்க வெப்பத்தை நம்பி நடக்கிறது. 32 டிகிரியில் படுத்திருந்த பாம்பை 19 டிகிரி இருக்கும் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தால் செரிமானம் மந்தமாகி, இரை உள்ளேயே அழுக ஆரம்பிக்கும்.

இரை கொடுப்பதற்கு முந்தைய நாளும் விட்டுவிடுவது நல்லது. பசியோடு இருக்கும் பாம்பு எதையும் இரை என்று நினைக்கும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கும் கடி மிச்சம்.

இப்போது கணக்குப் போடுங்கள். வளரும் கார்ன் ஸ்நேக், 7 நாளுக்கு ஒரு முறை, ஞாயிறு இரவு இரை என்று வைத்துக்கொள்வோம். திங்கள், செவ்வாய் தொடக்கூடாது. புதன் மாலை எடுக்கலாம். வியாழன் ஓய்வு. வெள்ளி மாலை இரண்டாவது முறை. சனி விட்டுவிட வேண்டும். ஞாயிறு மறுபடியும் இரை. எப்படிப் பார்த்தாலும் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் இடமே இல்லை. 14 நாளுக்கு ஒரு முறை இரை எடுக்கும் வளர்ந்த பால் பைத்தான் என்றால், ஞாயிறு இரவு கொடுத்தபின் வியாழன் மாலை முதல் முறை, அடுத்த திங்கள் இரண்டாவது, அந்த வெள்ளி மூன்றாவது. பிறகு ஞாயிறு இரை. இரண்டு வாரத்துக்கு மூன்று முறை. தொடக்கத்தில் சொன்ன "வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு" இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

நேரம் மாலையாக இருக்கட்டும். இரண்டு இனமும் அந்தி சாய்ந்த பிறகுதான் சுறுசுறுப்பாகும். பகலில் மறைவிடத்துக்குள் உறங்குவதை இழுத்து வெளியே எடுப்பது, நள்ளிரவில் நம் போர்வையை யாராவது உருவுவதைப் போன்றது.

சட்டை உரிக்கும் நாட்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சட்டை உரிப்பது ஒரே நாள் வேலை அல்ல. தொடக்கத்திலிருந்து முடிவு வரை 7 முதல் 14 நாள் ஆகும். முதலில் நிறம் மங்கும். பால் பைத்தானின் அடிவயிறு இளஞ்சிவப்பாகும். பிறகு கண். கறுப்பு மணிபோல மின்னிய கண், மோர் தெளித்ததுபோல நீலம் கலந்த வெள்ளையாக மாறும். பாம்புக்கு இமை கிடையாது. கண்மேல் ஒரு தெளிவான செதில்தான் மூடியாக இருக்கிறது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் ஊறும்போது அந்தச் செதிலுக்கு அடியிலும் ஊறுவதால் பார்வை மங்கிவிடுகிறது. சரியாகப் பார்க்க முடியாத பாம்பு, தன்னை நோக்கி வரும் எதையும் எதிரி என்றே எடுத்துக்கொள்ளும். எப்போதும் சாதுவாக இருக்கிற பாம்பு இந்த நாட்களில் சீறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஏமாற்றம் எங்கே என்றால், சில நாள் கழித்துக் கண் மறுபடியும் தெளிந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று நினைத்துக் கையில் எடுப்பார்கள். உண்மையில் சட்டை இன்னும் உரியவில்லை. கண் தெளிந்து மேலும் 2 முதல் 5 நாள் ஆன பிறகுதான் மூக்கைக் கரடுமுரடான இடத்தில் தேய்த்து, உதட்டோரத்திலிருந்து உரிக்கத் தொடங்கும். அப்போது கீழே இருக்கும் தோல் மெல்லியது. உங்கள் விரல் பட்டுப் பழைய தோல் பாதியில் கிழிந்தால் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே கண் மங்கிய நாளிலிருந்து, உரித்த சட்டையைக் கூண்டில் நீங்கள் கண்ணால் பார்க்கும் வரை தொடாதீர்கள். சட்டை கிடைத்ததும் அதை விரித்துப் பாருங்கள்: இரண்டு கண்மூடிகளும் வால் நுனியும் அதில் இருக்கின்றனவா? இருந்தால் ஒரு நாள் விட்டு எடுக்கலாம். கண்மூடி ஒட்டியிருந்தால் நகத்தாலோ இடுக்கியாலோ உரிக்கப் பார்க்காதீர்கள். பால் பைத்தானின் கூண்டில் ஈரப்பதத்தை 70 சதவீதம் வரை ஏற்றி அடுத்த சட்டை வரை பாருங்கள். அப்போதும் விழாவிட்டால் ஊர்வன மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையில் எடுக்கும் முறை

1. அறை. கதவு, சன்னலைச் சாத்துங்கள். சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள். நாய், பூனை வெளியே. சோபாவின் இடுக்குகள் கார்ன் ஸ்நேக்குக்கு மிகவும் பிடித்த ஒளிவிடம். அதன்மேல் உட்காராமல் தரையில் உட்காருவது மேல். பாம்பு கைநழுவினாலும் விழும் உயரம் குறைவு. அறை 22 டிகிரிக்குக் கீழே என்றால் 10 நிமிடத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

2. கை. வாசனை இல்லாத சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எலி, ஹாம்ஸ்டர், கோழிக்குஞ்சு எதைத் தொட்டிருந்தாலும் அந்த வாசனை கையிலிருக்கும். பாம்புக்கு அது சாப்பாட்டு அழைப்பு. மோதிரம், கடிகாரம் கழற்றிவிடுங்கள்.

3. திறக்கும் முன் பார்வை. கண் தெளிவா? வயிற்றில் புடைப்பு உண்டா? கழுத்து வளைந்து தயாராக இருக்கிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் கூண்டை மூடிவிடுங்கள். அன்றைக்கு வேண்டாம்.

4. தட்டிச் சொல்வது. பால் பைத்தானின் உதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும். அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். இருட்டில் வருகிற வெதுவெதுப்பான கை அதற்கு எலி மாதிரியே தெரியும். அதனால் கையை நீட்டும் முன், பாம்புக் கொக்கியின் முதுகுப்பக்கத்தாலோ சுருட்டிய செய்தித்தாளாலோ உடம்பின் நடுப்பகுதியை மெதுவாக இரண்டு மூன்று முறை தடவுங்கள். இரை இப்படித் தொடாது. சில வாரங்களில், அந்தத் தொடுதல் வந்தால் சாப்பாடு இல்லை என்று பாம்பு புரிந்துகொள்ளும். தலை சற்றுப் பின்வாங்கி உடம்பு தளர்ந்தால் நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது.

5. தூக்குவது. கை மேலிருந்து இறங்கக் கூடாது. பக்கவாட்டில், தரையோடு தரையாக வரட்டும். தலையை விட்டுவிட்டு, நடு உடம்புக்குக் கீழே விரல்களை நுழைத்து அள்ளுங்கள்; இரண்டாவது கை பின்பாதிக்கு. தயங்கித் தயங்கி நீட்டி, பயந்து பின்னிழுத்து, மறுபடியும் நீட்டுவதுதான் பாம்பை அதிகம் மிரட்டும். மெதுவாக, ஆனால் ஒரே போக்கில் முடித்துவிடுங்கள். தலையைப் பிடித்தோ வாலைப் பிடித்தோ தூக்கவே கூடாது. முதுகெலும்பு காயப்படும்.

6. வைத்திருப்பது. உங்கள் கை மரக்கிளை. பாம்பு அதன்மேல் போகட்டும். பிடிக்காதீர்கள், தாங்குங்கள். கார்ன் ஸ்நேக் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கைக்கு முன்னால் இன்னொரு கையை வைத்துக்கொண்டே போனால் போதும், அதன் வேகத்தைத் தடுக்க வேண்டாம். பால் பைத்தான் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நிற்கும். சுருண்டு பந்தானால் விரித்துப் பார்க்காதீர்கள். மடியிலோ உள்ளங்கையிலோ அசையாமல் வைத்திருங்கள். தலை தானாக வெளியே வந்தால் சரி. 5 நிமிடம் ஆகியும் வராவிட்டால் திருப்பி விட்டுவிடுங்கள்.

7. திருப்பி விடுவது. மறைவிடத்தின் வாயருகே கையைத் தாழ்த்தி, அதுவாக இறங்கட்டும். பதறித் துடிக்கிற நொடியில் விடாமல், அடங்கிய நொடியில் விடுவது நல்லது. இறக்கிய பின் 24 மணி நேரம் இரை கொடுக்க வேண்டாம்.

குட்டிக்கு முதல் நாளே இதெல்லாம் வேண்டாம். மூன்று இரை எடுத்து இடத்துக்குப் பழகிய பிறகு, முதல் வாரம் கூண்டுக்குள் கையை வைத்து 5 நிமிடம் அசையாமல் இருங்கள். அது நாக்கை நீட்டி முகர்ந்து பார்க்கட்டும். இரண்டாம் வாரம் தூக்கி, 2 நிமிடத்தில் இறக்குங்கள். மூன்றாம் வாரம் 5 நிமிடம். வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டி, இரண்டு மாதத்தில் 15 நிமிடத்துக்கு வரலாம். நடுவில் ஒரு முறை இரையை மறுத்தால், பழைய வாரத்தின் அளவுக்கு இறங்குங்கள்.

உடம்பு சொல்லும் மொழி

பாம்புக்கு முகபாவம் இல்லை, குரல் இல்லை. ஆனால் உள்ளங்கையில் இருக்கும்போது எல்லாம் தெரியும். நிம்மதியாக இருக்கும் பால் பைத்தானின் உடம்பு ஈரத்துணிபோலக் கையின் வடிவத்துக்குப் படிந்து கிடக்கும். நாக்கு நிதானமாக நீண்டு, காற்றில் ஒரு கணம் மேலும் கீழும் அசைந்து உள்ளே போகும். தலை மெதுவாகத் திசை மாறும். பயந்திருக்கும் அதே பாம்பைத் தொட்டால் ரப்பர்க் குழாயில் காற்றடித்ததுபோல இறுகியிருக்கும். விலா எலும்புகள் வேகமாக ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். நாக்கு வெளியே வராது. அசையாமல் இருப்பதைப் பார்த்து "எவ்வளவு சாது" என்று பலர் நினைப்பது இந்த நிலையைத்தான். அசைவை மட்டும் பார்க்காமல், நாக்கையும் தசையையும் சேர்த்துப் பாருங்கள்.

உடனே இறக்கிவிட வேண்டிய அறிகுறிகள் வேறு: கழுத்து எஸ் வடிவில் மடங்குவது, சீறல், கார்ன் ஸ்நேக் வால் நுனியைப் படபடவென்று அடிப்பது, வால் அடியிலிருந்து நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சுவது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பது.

இவை அந்த நேரத்துப் பயம். நாள்பட்ட பதற்றம் கூண்டுக்குள்தான் தெரியும். இரவெல்லாம் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வது, மறைவிடத்தைவிட்டு வெளியே வராமலே கிடப்பது, தொடர்ந்து இரண்டு முறை இரையை மறுப்பது. இதில் எது தெரிந்தாலும் இரண்டு வாரம் கையில் எடுப்பதை நிறுத்திவிட்டு, வெப்பத்தையும் மறைவிடத்தையும் சரிபாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

ஒரு விதிவிலக்கு: வளர்ந்த பால் பைத்தான், குறிப்பாக ஆண், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. அப்போது சமையலறைத் தராசு ஒன்றைத் தனியாக ஒதுக்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை போடுங்கள். எடை குறையாமல் இருந்தால் பயமில்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். எடை போடுவதும் கையில் எடுப்பதுதான். அந்த வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை சுமக்கும் பெண் பாம்பு, வாய் திறந்து மூச்சுவிடும் பாம்பு, மூக்கில் நுரை வரும் பாம்பு ஆகியவற்றை மருத்துவரிடம் கொண்டுபோவதற்காக மட்டும் தொடுங்கள்.

கக்கினால், கடித்தால்

கக்கிவிட்டால் அன்றே வேறு எலி கொடுக்கத் தோன்றும். கொடுக்கவே கூடாது. தண்ணீர் மட்டும் வைத்து 10 முதல் 14 நாள் விடுங்கள். பிறகு வழக்கமான அளவில் பாதி எடையுள்ள இரை. அது தங்கினால், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இப்படி மூன்று இரை தங்கும் வரை கையில் எடுக்காதீர்கள். இரண்டாவது முறையும் கக்கினால் மருத்துவர்தான்.

கடி இரண்டு வகை. பயத்தில் கடிப்பது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஊசி குத்திய மாதிரி சில புள்ளிகள், கொஞ்சம் ரத்தம். இரை என்று நினைத்துக் கடிப்பது வேறு. பிடித்த பிடியை விடாமல் கையைச் சுற்றிக்கொள்ளும். அப்போது கையை இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், பல் உடைந்து பாம்பின் வாயிலும் புண்ணாகும். குளிர்ந்த தண்ணீரைத் தலைமேல் ஊற்றுங்கள், அல்லது கையைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். சுருளைப் பிரிக்க வேண்டுமென்றால் வால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பாம்பின் பலம் தலைப்பக்கத்தில் அதிகம், வால் பக்கத்தில் எளிதாகப் பிரியும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிக்குப் பிறகு பலர் பாம்பைத் தொடப் பயந்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஒரு வாரம் விடுங்கள், போதும். அதற்குள் என்ன நடந்தது என்று யோசியுங்கள்: கையில் எலி வாசனை இருந்ததா, கண் மங்கியிருந்ததா, தட்டிச் சொல்லாமல் கையை நீட்டினீர்களா? கிட்டத்தட்ட எல்லாக் கடிக்கும் காரணம் இந்த மூன்றில் ஒன்று.

வீட்டில் மற்றவர்கள்

ஆரோக்கியமாகத் தெரியும் பாம்பின் உடம்பிலும் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். எடுத்து வைத்ததும் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவ வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடாமல் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. முகத்தருகே கொண்டுபோவது, முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

விருந்தினர் வந்தால் பாம்பைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நாலு பேரின் கை, நாலு விதமான பிடி, நாலு வாசனை. பாம்புக்கு அந்த ஒரு மாலை ஒரு மாதப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். ஒருவர், அதிகம் போனால் இருவர்; மொத்தமே 10 நிமிடம்; பாம்பு எப்போதும் உங்கள் கையில் ஒரு பாதி. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆசைப்பட்டால், தரையில் உட்காரவைத்து, நீங்கள் தலைப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, அவர்கள் உள்ளங்கையில் பின்பாதியை வையுங்கள். தலையைத் தடவக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு குறிப்பேடு

கூண்டின் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்துவிடுங்கள். தேதி, இரையின் எடை, எடுத்ததா மறுத்ததா. கண் மங்கிய நாள், சட்டை கிடைத்த நாள். கையில் எடுத்த நாள், எத்தனை நிமிடம், எப்படி இருந்தது. மாதம் ஒரு முறை பாம்பின் எடை. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். இரண்டு மூன்று சட்டை ஆன பிறகு உங்கள் பாம்பு எத்தனை வாரத்துக்கு ஒரு முறை உரிக்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்து எப்போது கை வைக்கக்கூடாது என்பதும் முன்கூட்டியே தெரியும். இரையை மறுத்த தேதிக்கு முன்னால் மூன்று நாள் தொடர்ந்து கையில் எடுத்திருக்கிறீர்கள் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். மருத்துவரிடம் போகும் நாளில் அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்கப்போகிற கேள்விகளுக்கான பதில் அதில் இருக்கிறது.